சிவிலைசேஷன் 6: கன்சோலில் கணினி எதிராளியின் ஆட்டத்திறன்

சிவிலைசேஷன் 6 என்பது ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி 2கே நிறுவனம் வெளியிட்ட, முறை வைத்து ஆடும் உத்தி விளையாட்டு ஆகும். இதன் தலைமை வடிவமைப்பாளர் எட் பீச். 2016 அக்டோபர் 21 அன்று மேசைக்கணினிக்கு வெளிவந்த இவ்வாட்டம், 2018 நவம்பரில் நின்டென்டோ சுவிட்சுக்கும், 2019 நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும் வந்து சேர்ந்தது. கி.மு. 4000-இல் ஒரு குடியேறியும் ஒரு போர்வீரனுமாகத் தொடங்கும் ஆட்டக்காரர், நகரங்களை அமைத்து, கலைகளையும் தொழில்நுட்பங்களையும் வளர்த்து, விண்வெளிப் பயணம்வரை தம் அரசை நடத்திச் செல்லலாம். போர், அறிவியல், பண்பாடு, சமயம், அரசியல் உறவு ஆகியவற்றுள் எந்த வழியிலும் வெல்லலாம். வழக்கமான அளவுள்ள வரைபடத்தில் மொத்தம் 8 அரசுகள் இருக்கும். தனியாக ஆடுபவருக்கு எதிரே உள்ள 7 அரசுகளையும் கணினியே நடத்துகிறது.

ஆட்டத்தின் காட்சியழகு, இசை, நகரங்களை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து அமைக்கும் புதுமை ஆகியவை போதிய பாராட்டைப் பெற்றுவிட்டன. இக்கட்டுரை ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கணினி எவ்வளவு நன்றாக ஆடுகிறது? வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னோ பேருந்துப் பயணத்தில் சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டோ தனியாக ஆடுபவருக்கு அந்த எதிராளிதான் ஆட்டத்தின் பாதி. எதிராளி சரியில்லை என்றால் மற்றப் பெருமைகள் எல்லாம் சில வாரங்களில் சலித்துவிடும்.

விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணினிக்குப் பொருள் சேர்க்கத் தெரிகிறது. சேர்த்ததைச் செலவிடத் தெரியவில்லை.

எட்டு நிலைகள், ஒரே மூளை

ஆட்டத்தில் கடினத்தன்மைக்கு எட்டு நிலைகள் உள்ளன. செட்லர், சீஃப்டன், வார்லார்ட், பிரின்ஸ், கிங், எம்பெரர், இம்மார்ட்டல், டெய்ட்டி என்று எளியதிலிருந்து கடினத்துக்கு ஏறிச் செல்லும் படிகள் அவை. நான்காவதான பிரின்ஸ் நிலையில்தான் மனிதரும் கணினியும் ஒரே விதியின்கீழ் ஆடுகிறார்கள். அதற்குக் கீழே மனிதருக்குச் சலுகை. அதற்கு மேலே கணினிக்குச் சலுகை.

ஒரு மாணவர் இதைச் சதுரங்கச் செயலியின் நிலைகளைப் போல எண்ணிக்கொள்வது இயல்பு. சதுரங்கச் செயலியில் நிலை உயர உயர அது மேலும் ஆழமாக யோசிக்கிறது. சிறந்த நகர்வைக் கண்டுபிடிக்கிறது. சிவிலைசேஷன் 6-இல் நடப்பது அதுவன்று. நிலை உயர்ந்தாலும் கணினியின் யோசனை பெரும்பாலும் அதே யோசனைதான். கையில் கொடுக்கப்படும் சீர்வரிசை மட்டும் கூடுகிறது. டெய்ட்டி நிலையில் மனிதர் ஒரு குடியேறியோடு தொடங்க, கணினி அரசு ஒவ்வொன்றும் 3 குடியேறிகளோடும் 5 போர்வீரர்களோடும் தொடங்குகிறது. உற்பத்தியிலும் பொன்னிலும் அதற்கு 80 விழுக்காடு கூடுதல். அறிவியல், பண்பாடு, சமயப் பற்று ஆகியவற்றில் 32 விழுக்காடு கூடுதல். போரில் அதன் ஒவ்வொரு படைக்கும் 4 புள்ளி வலிமை கூடுதல்.

இந்த 4 புள்ளி சிறிதாகத் தோன்றலாம். ஆட்டத்தின் சேதக் கணக்கில் அதைப் பொருத்திப் பார்த்தால்தான் அருமை தெரியும். சமவலிமையுள்ள இரு படைகள் மோதினால், 100 உயிர்ப்புள்ளியில் சுமார் 30 குறையும். வலிமை வேறுபாடு கூடக்கூட இந்தச் சேதம் பெருக்கல் முறையில் கூடும். வில்லாளரின் எய்வலிமை 25, போர்வீரனின் வலிமை 20. எனவே ஒரு முறை எய்தால் சராசரியாக 36 புள்ளி போகும். மூன்று அம்பில் போர்வீரன் விழுந்துவிடுவான். டெய்ட்டியில் அவன் வலிமை 24 ஆகிவிடுவதால் ஓர் அம்புக்கு 31 புள்ளிதான் போகும். பெரும்பாலும் நான்காவது அம்பு தேவைப்படும். மூன்று வில்லாளரை மட்டும் வைத்து ஊரைக் காக்கலாம் என்று கணக்குப் போட்டவர் அந்த நான்காவது அம்புக்குக் காத்திருக்கும் முறையில்தான் ஊரை இழக்கிறார்.

விடைத்தாள் திருத்திப் பழகிய கைக்கு இது கருணை மதிப்பெண் போலத்தான் தெரிகிறது. 40 எடுத்த பையனுக்கு 35 மதிப்பெண் சேர்த்துப்போட்டு 75 என்று அறிவித்தால் பட்டியல் நன்றாக இருக்கும். பையனுக்குப் பாடம் தெரிந்துவிட்டது என்று ஆகாது.

முதல் ஐம்பது முறைகள்

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. டெய்ட்டி ஆட்டத்தின் முதல் ஐம்பது முறைகளில் கணினி உண்மையிலேயே அச்சம் தரும் எதிராளி. பக்கத்து அரசு நம்மைக் கண்டுபிடித்த சில முறைகளிலேயே ஐந்து போர்வீரர்கள் எல்லையில் வந்து நிற்பார்கள். அப்போது நம்மிடம் ஒரு நகரமும் இரண்டு படைகளும்தான் இருக்கும். மதில் கட்டும் கல்வியை இன்னும் பெற்றிருக்க மாட்டோம். காட்டையும் மலையையும் அரணாக வைத்து, ஒரே ஒரு ஆற்றங்கரையில் இரண்டு கவணாளரை நிறுத்தி, தப்பிப் பிழைப்பது இந்த ஆட்டம் தரும் மிகச் சிறந்த அனுபவங்களில் ஒன்று.

இங்கே கணினி நன்றாக ஆடுவதற்குக் காரணம் எளிது. ஐந்து பேர் இரண்டு பேரை எதிர்த்து நேரே நடந்தால் போதும், நுட்பம் தேவையில்லை. திருக்குறள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறது. இந்த முதற்கட்டத்தில் வலியை மட்டும் அறிந்தால் வெற்றி கிட்டும். கணினி படைவலியைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது, நம்மைவிடத் தன் எண் பெரிதாக இருந்தால் படையெடுக்கிறது. காலமும் இடமும் கணக்கில் வரும்போதுதான் அது தடுமாறத் தொடங்குகிறது.

இதன் விளைவாக ஆட்டத்தின் வடிவமே தலைகீழாகிவிடுகிறது. நல்ல ஆட்டம் ஒன்று எளிதாகத் தொடங்கிப் போகப்போகக் கடினமாக வேண்டும். இங்கே முதல் மணி நேரம் கடினம், கடைசி ஐந்து மணி நேரம் கணக்கெழுதும் வேலை. நூறாவது முறையைத் தாண்டிய பின், யார் வெல்வார் என்பது அநேகமாக முடிவாகிவிடுகிறது. ஆனால் வெற்றி அறிவிப்பு வர இன்னும் நூறு முறைக்கு மேல் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பலர் ஆட்டத்தை முடிக்காமலே புதியது தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உழிஞை தெரியாத படை

புறப்பொருள் வெண்பாமாலை மதிலை முற்றுவதை உழிஞை என்றும், மதிலைக் காப்பதை நொச்சி என்றும் பிரித்துப் பேசுகிறது. சிவிலைசேஷன் 6-இன் கணினிக்கு நொச்சி ஓரளவு வரும். நகரமும் மதிலும் தாமாகவே அம்பெய்யும் என்பதால் அதிலும் பாதி வேலை விதிகளே செய்துகொடுப்பதுதான். உழிஞைதான் சுத்தமாக வராது.

ஒரு முற்றுகை எப்படி நடக்க வேண்டும்? மதில் உள்ள நகரை வாள்வீரர் நேரே வெட்டினால் மதிலுக்கு மிகச் சிறு சேதமே ஆகும். மதிலிடிக்கும் தூலத்தை ஒரு படையோடு சேர்த்து மதிலருகே கொண்டுபோக வேண்டும். அல்லது கல்லெறி பொறிகளை இரண்டு கட்டம் தள்ளி நிறுத்த வேண்டும். பொறிகள் மெல்லியவை. அவற்றின் முன்னே வலிய காலாட்படை நிற்க வேண்டும். நகருக்கு உதவி வரும் பாதையை ஒரு குதிரைப்படை அடைக்க வேண்டும். எல்லோரும் ஒரே முறையில் வந்து சேர வேண்டும். நான்கு வேலைகள், நான்கு பேர், ஒரே நேரம். மனிதர் இதைச் சில ஆட்டங்களில் கற்றுக்கொண்டுவிடுகிறார்.

கணினியின் முற்றுகை இவ்வாறு நடப்பதில்லை. படைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. முதலில் வேகமான குதிரை வருகிறது, அம்பு வாங்கிச் சாகிறது. பிறகு காலாள் வருகிறான். கல்லெறி பொறி காவலின்றி முன்னே வந்து நின்று, எய்வதற்கு முன்பே வீழ்கிறது. பாதி உயிரிழந்த படை பின்வாங்கத் தொடங்கும். அடுத்த முறை மீண்டும் முன்னே வரும். மறுபடியும் பின்னே போகும். இந்த ஊஞ்சலாட்டம் முழுவதும் நம் வில்லாளரின் எய்தொலைவுக்குள்ளேயே நடக்கும். பத்துப் படையோடு வந்த அரசு ஒரு நகரைக்கூடப் பிடிக்காமல் படை முழுவதையும் இழந்து, பின் சமாதானத்துக்குப் பொன்னும் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமான காட்சி.

கடல் கடந்து படையெடுப்பதில் நிலைமை இன்னும் மோசம். கரையிறங்கும் படைகளுக்குக் கப்பற்படைக் காவல் அநேகமாக இருக்காது. விமானங்களைக் கணினி அரிதாகவே கட்டுகிறது. கட்டினாலும் ஒரு திட்டத்தோடு பயன்படுத்துவதில்லை. ஆக, இருபதாம் நூற்றாண்டுக்கு வந்த பின்னும் அது கற்காலத்துப் போரையே நடத்திக்கொண்டிருக்கிறது.

போரில்லாத இடத்திலும் இதே குறை தென்படும். 2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் நகரங்களுக்கு விசுவாசம் என்ற அளவைக் கொண்டுவந்தது. அயலாரின் மக்கள்தொகை மிகுந்த நகரங்களுக்கு நடுவே சிறு ஊர் அமைத்தால், அது சில முறைகளில் விசுவாசம் இழந்து தனித்துப் போய்விடும்; பின்னர் பெரிய அயலரசோடு சேர்ந்துவிடும். கணினி அரசுகள் நம் நகரங்களுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தைத் தேடி வந்து ஊர் அமைப்பதும், நாம் ஒரு அம்பும் எய்யாமல் அந்த ஊர் நம் கைக்கு வருவதும் அடிக்கடி நிகழ்கின்றன. நிலத்தின் வளத்தை அது கூட்டிப் பார்க்கிறது. அந்த நிலம் யார் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

தலைவர்களின் குணமும் காந்தியும்

கணினி அரசு ஒவ்வொன்றுக்கும் வரலாற்றுத் தலைவர் ஒருவர் உண்டு. ஒவ்வொருவருக்கும் வெளிப்படையான ஒரு கொள்கையும் மறைவான வேறு கொள்கையும் கொடுக்கப்பட்டுள்ளன. சீனத்தின் சின் ஷி ஹுவாங் உலக அதிசயங்களைக் கட்ட விரும்புவார். போட்டிக்கு வருவோரை வெறுப்பார். ரோமின் டிராஜன் பரந்த நிலம் உடையவரை மதிப்பார், சிறிய அரசைப் புறக்கணிப்பார். ஜெர்மனியின் ஃபிரெடெரிக் பார்பரோசாவுக்கு நகர அரசுகளோடு நட்புக் கொள்வோரைப் பிடிக்காது. ஸ்பார்ட்டாவின் கோர்கோ சமாதான உடன்படிக்கையில் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார். சந்திரகுப்தர் தம் எல்லையருகே இருப்பவர் எவரையும் நண்பராகக் கருதமாட்டார். அண்டை அரசன் இயல்பான பகைவன் என்ற அர்த்தசாஸ்திரக் கருத்தை அறிந்தவர்களுக்கு இது புன்னகை வரவழைக்கும்.

காந்தி இத்தொடரின் முதல் ஆட்டத்திலிருந்தே இருக்கிறார். ஓர் எண்பிழையால் அந்த முதல் ஆட்டத்தில் அவர் அணுகுண்டு வெறியராக மாறினார் என்ற கதை இணையத்தில் நீண்ட காலம் சுற்றியது. அப்படி ஒரு பிழை இருந்ததில்லை என்று தொடரின் மூலவர் சிட் மெய்யர் 2020-இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில் மறுத்திருக்கிறார். ஆனாலும் பிந்தைய ஆட்டங்கள் அந்த நகைச்சுவையை விடவில்லை. 6-ஆம் ஆட்டத்தில் காந்தியின் வெளிப்படையான கொள்கை அமைதி. மறைவான கொள்கையாக அணுகுண்டு ஆசை பெரும்பாலும் அவருக்கே வந்து விழுமாறு அமைத்திருக்கிறார்கள். ஒரு முறை சிரிக்கலாம். வரலாறு படிக்கும் பிள்ளை இதைத்தான் முதலில் அறிந்துகொள்கிறது என்றால் சிரிப்பு சற்றுக் குறையும்.

குணச்சித்திரமாக இக்கொள்கைகள் சுவையானவை. ஆடுபவர் என்ற முறையில் பார்த்தால், இவையே கணினியின் இரண்டாவது பெரிய பலவீனம். ஒரு தலைவரின் விருப்பு வெறுப்பு அவருடைய நலனோடு கட்டப்படவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் பார்பரோசா, தமக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத நகர அரசோடு நாம் நட்புக் கொண்டதற்காக நம்மைக் கண்டனம் செய்கிறார். அதே வேளையில், நம் எல்லையை ஒட்டியிருக்கும் தலைவர் நாம் விண்கலத் திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே நம்மோடு நட்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார். நாம் வென்றால் அவர் தோற்றார் என்பது அவர் கணக்கில் இல்லை. நான்கு மனிதர்கள் ஆடினால் முதலிடத்தில் இருப்பவர்மீது மற்ற மூவரும் சேர்ந்து பாய்வார்கள். இங்கே ஏழு பேரும் அவரவர் பொழுதுபோக்கைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வணிகப் பேச்சிலும் அப்படியே. கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தில் வந்த உறவுச் செல்வாக்கையும், நமக்கு மிஞ்சிப்போன ஆடம்பரப் பொருள்களையும் கணினித் தலைவர்கள் பொன் கொடுத்து வாங்குவார்கள். டெய்ட்டியில் அவர்களுக்கு 80 விழுக்காடு கூடுதல் பொன் தரப்படுகிறது அல்லவா? தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதை இந்த வழியாகத் தம் கருவூலத்துக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். எதிராளிக்குக் கொடுத்த சலுகையே நம் வருமானமாகிவிடுகிறது.

ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும். உலகப் பேரவையில் உறவு வெற்றிக்கான தீர்மானம் வரும்போது, முன்னணியில் இருப்பவரின் புள்ளியைக் குறைக்க மற்ற அரசுகள் ஒன்றுசேர்ந்து வாக்களிக்கின்றன. சரியான ஆட்டம்தான். ஆனால் இதுவும் மாறாத பழக்கமாகிவிட்டதால், ஆட்டக்காரர்கள் தமக்கு எதிராகத் தாமே வாக்களித்து, வென்ற பக்கம் நின்றதற்கான புள்ளியைப் பெற்று, இழப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள்!

ஏன் இப்படி

கணினி முட்டாள்தனமாக ஆடுகிறது என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. 1997-இல் ஐபிஎம்மின் டீப் புளூ காஸ்பரோவைச் சதுரங்கத்தில் வென்றது. 2016 மார்ச்சில், அதாவது சிவிலைசேஷன் 6 வெளிவருவதற்கு ஏழு மாதம் முன்பு, ஆல்ஃபாகோ லீ செடோலை கோ ஆட்டத்தில் 4–1 என்று வென்றது. அப்படியிருக்க, ஒரு மதிலைச் சுற்றி நான்கு படைகளை நிறுத்த முடியாதா என்று மாணவர்கள் கேட்பது நியாயமே.

சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காயைத்தான் நகர்த்த வேண்டும். நடு ஆட்டத்தில் சராசரியாக முப்பத்தைந்து வழிகள் இருக்கும். சிவிலைசேஷன் 6-இல் ஒரே முறையில் எல்லாப் படைகளையும் நகர்த்தலாம். அறுகோணக் கட்டம் என்பதால் ஒரு படைக்கு ஆறு பக்கமும் போகலாம், அல்லது நின்ற இடத்தில் நிற்கலாம், ஏழு வழி. பத்துப் படைகள் இருந்தால் ஏழைப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை 28 கோடியே 24 இலட்சத்து 75 ஆயிரத்து 249. யாரை முதலில் நகர்த்துவது, யாரைத் தாக்குவது என்பவற்றை இதில் சேர்க்கவே இல்லை. நகரங்களின் உற்பத்தி, ஆராய்ச்சி, கொள்கை அட்டைகள், வணிகப் பாதைகள் தனி.

இந்தச் சிக்கல் பெருகியது 2010-இல் வந்த 5-ஆம் ஆட்டத்தில்தான். அதற்கு முன் 2005-இல் வந்த 4-ஆம் ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் எத்தனை படைகளையும் அடுக்கி வைக்கலாம். கணினி தன் படையெல்லாவற்றையும் ஒரே அடுக்காகக் கட்டி நகர்த்தினால் போதும். அது அதற்கு நன்றாகவே வந்தது. 5-ஆம் ஆட்டம் அறுகோணக் கட்டத்தையும், ஒரு கட்டத்துக்கு ஒரு போர்ப்படை என்ற விதியையும் கொண்டுவந்தது. போர் அழகானது, கணினிக்கு அது புரியாமற் போனது. அதன் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபரே பின்னாளில் தம் ஆட்டத்தைத் தாமே விமரிசித்து எழுதியபோது இவ்விதி கணினிக்கு ஏற்படுத்திய சுமையை ஒப்புக்கொண்டார். 6-ஆம் ஆட்டம் அந்த விதியைச் சற்றுத் தளர்த்தியதே தவிர விடவில்லை.

காத்திருக்கும் பொறுமையும் ஒரு காரணம். சதுரங்க வீரர் எதிராளியின் நகர்வுக்காகப் பத்து நிமிடம் காத்திருப்பார். சோபாவில் சாய்ந்திருப்பவர் ஏழு அரசுகள் யோசிக்க அரை நிமிடம் எடுத்தாலே கைபேசியைக் கையில் எடுத்துவிடுவார். சுவிட்சு போன்ற சிறு கருவியில் ஆட்டத்தின் பிற்பகுதியில் காத்திருப்பு ஏற்கெனவே நீளம்.

மூன்றாவது காரணம் இவற்றைவிட ஆழமானது. 3-ஆம் ஆட்டத்தின் கணினி எதிராளியை எழுதியவரும் 4-ஆம் ஆட்டத்தின் வடிவமைப்பாளருமான சோரன் ஜான்சன், 2008-இல் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் இதைப் பற்றியே உரையாற்றினார். வெல்வதற்காக ஆடும் கணினி வேறு, ஆட்டக்காரருக்கு இன்பம் தருவதற்காக ஆடும் கணினி வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். மனிதர் செய்யும் எல்லாத் தந்திரங்களையும் கணினியும் செய்தால் மனிதருக்குப் பிடிக்காது. நண்பராக நடித்துக் கடைசி முறையில் முதுகில் குத்தினால், ஆட்டம் ஏமாற்றுகிறது என்பார். 2010-இல் அதே மாநாட்டில் சிட் மெய்யர் சொன்ன செய்தியும் இங்கே பொருந்தும். சோதனையில் ஆடியவர்கள், மூன்றுக்கு ஒன்று என்ற சாதகத்தோடு போரிட்டுத் தோற்றால் கொதித்தார்கள். ஒன்றுக்கு மூன்று என்ற பாதகத்தோடு போரிட்டு வென்றால் தம் திறமை என்றார்கள். ஆகவே கணக்கையே ஆட்டக்காரரின் மனத்துக்கு ஏற்பச் சற்று வளைக்க வேண்டியிருந்தது என்றார் அவர்.

இவ்வாதங்களில் உண்மை இருக்கிறது. முழு விலக்காக இவற்றை ஏற்க முடியாது. முதுகில் குத்தாத எதிராளி வேண்டும் என்பது சரி. அதற்காகக் கல்லெறி பொறியைக் காவலின்றி முன்னே அனுப்பும் எதிராளி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்ற விதியின்கீழ் கணினி நன்றாக ஆட முடியாது என்பதற்கும் எதிர்ச்சான்று உண்டு. 5-ஆம் ஆட்டத்தின் மைய நிரல் பின்னர் வெளியிடப்பட்டது. ஆர்வலர்கள் அதை எடுத்துத் திருத்தி வாக்ஸ் பாப்புலி என்ற மாற்றத் தொகுப்பை உருவாக்கினார்கள். அதில் கணினிப் படைகள் வரிசை கட்டி வருகின்றன. காயம்பட்டவை விலகிப் போகப் புதியவை அந்த இடத்துக்கு வருகின்றன. பொறிகளுக்குக் காவல் இருக்கிறது. ஊதியம் வாங்காதவர்கள் ஓய்வு நேரத்தில் செய்த வேலை அது. 6-ஆம் ஆட்டத்தின் மைய நிரல் அவ்வாறு வெளியிடப்படவில்லை. ஆகவே ஆர்வலர்கள் மேலோட்டமான மாற்றங்களோடு நிற்க வேண்டியதாயிற்று.

கன்சோலின் தனிக்குறை

அந்த மேலோட்டமான மாற்றங்கூடக் கன்சோல்காரருக்கு இல்லை. மேசைக்கணினியில் ஆடுபவர் ரியல் ஸ்ட்ராட்டஜி போன்ற மாற்றத் தொகுப்புகளை நிறுவி, கணினி அரசுகள் ஏதாவது ஒரு வெற்றியை நோக்கி நேராக உழைக்குமாறு செய்துகொள்ளலாம். ப்ளேஸ்டேஷனிலும் சுவிட்சிலும் அதற்கு வழியில்லை. பெட்டியில் வந்த எதிராளியோடுதான் கடைசிவரை ஆட வேண்டும். மனிதரோடு மனிதர் ஆடும் வசதி கன்சோலிலும் உண்டு. ஆனால் ஐந்தாறு மணி நேரம் ஒரே நேரத்தில் ஒழியும் நண்பர்கள் நாலு பேருக்கு எங்கே போவது?

இத்தொடரில் கன்சோலுக்கென்றே எழுதப்பட்ட ஆட்டம் ஒன்று முன்பே இருந்தது. 2008-இல் வந்த சிவிலைசேஷன் ரெவல்யூஷன். சிட் மெய்யரே முன்னின்று வடிவமைத்தது. ப்ளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, நின்டென்டோ டிஎஸ் ஆகியவற்றுக்கு வெளியானது. சிறிய வரைபடம், ஐந்தே அரசுகள், சில மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம். ஒரே வகைப் படை மூன்றைச் சேர்த்து ஒரு சேனையாக்கலாம். ஒரே கட்டத்தில் பல படைகள் நிற்கலாம். கணினித் தலைவர்கள் ஓயாமல் வந்து தொழில்நுட்பத்தைக் கொடு, பொன்னைக் கொடு என்று மிரட்டுவார்கள், மறுத்தால் போர். கடின நிலைகளில் நாலாபக்கமும் போர் மூண்டுவிடும். நயமான அரசியல் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஆட்டம் முடியும்வரை நெருக்கடி தீராது. எளிய பலகை என்பதால் கணினிக்கு அது பொருந்தியது. எதிராளியின் அறிவுக்குத் தக்க பலகையை அமைத்தார் மெய்யர். 6-ஆம் ஆட்டமோ பலகையைப் பெரிதாக்கிவிட்டு, எதிராளியின் அறிவைப் பின்னால் தேடியது.

மாணவர்கள் இவ்வாட்டத்தை உத்திப் பயிற்சியாக எண்ணி ஆடுவதுண்டு. டெய்ட்டியை வென்றதைப் பெருமையாகச் சொல்வதுமுண்டு. டெய்ட்டியை வெல்ல உழைப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. நகரத் திட்டமிடல், எதற்கு முன் எதைக் கற்பது என்ற வரிசை, நீண்டகால முதலீடு ஆகியவற்றை இவ்வாட்டம் உண்மையாகவே கற்றுத்தருகிறது. போரையும் அரசியலையும் பொறுத்தவரை அது கற்றுத்தருவது இந்த ஒரு கணினியின் பழக்கங்களை மட்டுமே: எந்த இடத்தில் தூண்டில் படையை வைத்தால் வந்து சாகும், எந்தத் தலைவருக்கு எதை விற்றால் வாங்குவார் என்பன போன்றவை. சதுரங்கச் செயலியிடம் தோற்றவர் மறுநாள் மனிதரிடம் நன்றாக ஆடுவார். இங்கே டெய்ட்டியை வென்று பழகியவர் மனிதர்களோடு முதல் முறை ஆடும்போது, நூறு முறைக்குள் நகரங்களை இழந்து திகைப்பது வழக்கம்.

தனியாக ஆட விரும்புவோர் டெய்ட்டிக்குப் பதிலாக எம்பெரர் நிலையைத் தேர்ந்து, தமக்குத் தாமே சில தடைகளை விதித்துக்கொள்வது நல்லது. செல்வாக்கையும் ஆடம்பரப் பொருளையும் கணினிக்கு விற்பதில்லை என்பது முதல் தடை. வில்லாளரை நகருக்கு ஒருவர்க்கு மேல் வைப்பதில்லை என்பது இரண்டாவது. வரைபடத்தைச் சிறிதாக்கி, ஒரே கண்டத்தில் எல்லா அரசுகளையும் நெருக்கி வைத்தால் முதல் ஐம்பது முறைகளின் நெருக்கடி சற்று நீளும்.

2025 பிப்ரவரி 11 அன்று கணினிக்கும் கன்சோல்களுக்கும் ஒரே நாளில் வெளிவந்த 7-ஆம் ஆட்டத்தில் சோழர் ஓர் அரசாக இடம்பெற்றிருப்பதால், தமிழ் ஆட்டக்காரர் பலர் அதற்கு மாறிவருகிறார்கள். அதில் படைத்தலைவர் என்ற புதிய அலகு உண்டு. பல படைகளைத் தன்னுள் அடக்கிக்கொண்டு ஒரே கட்டத்தில் நடந்து, போர்க்களத்தில் அவற்றை இறக்கிவிடும். கணினி அரசுகளும் இதைப் பயன்படுத்துவதால், படைகள் ஒவ்வொன்றாக வந்து சாகும் காட்சி குறைந்திருக்கிறது. நிலைகள் ஆறாகக் குறைக்கப்பட்டு, கடைசி நிலைக்கு டெய்ட்டி என்ற பெயரே தொடர்கிறது. அந்த நிலையில் கணினிக்குக் கூடுதல் விளைச்சலும் கூடுதல் போர்வலிமையும் கொடுக்கும் வழக்கமும் தொடர்கிறது.